சிவப்பு எழுத்துக்கு அஞ்ச வேண்டாம்: நிரல் கற்போர் கேள்வி–பதில்

பைதான் மொழியைச் சொந்த முயற்சியில் கற்கும் வாசகர்கள் தாங்கள் தடுக்கி நின்ற இடத்தை எழுதி அனுப்பலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்தவற்றில் பலருக்கும் பயன்படக்கூடிய கேள்விகளை எடுத்துக்கொண்டோம். பதில்களில் பிரிண்ட், இன்புட், இஃப் போன்ற கட்டளைச் சொற்களை ஒலிப்பில் தருகிறோம். கணினியில் தட்டும்போது அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும்.

கேள்வி: பி.காம். முடித்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. கோடிங் கற்க வேண்டும். சி-யில் தொடங்கு என்கிறார் ஒருவர், ஜாவா என்கிறார் இன்னொருவர், பைதான் என்கிறார் மற்றொருவர். எதைத் தொடுவது? – வாசகர், விருதுநகர்

பைதானைத் தொடுங்கள். "வணக்கம்" என்ற சொல்லைத் திரையில் காட்ட, ஜாவா பாடங்கள் வழக்கமாக ஒரு கிளாஸ், அதற்குள் மெயின் என்ற மெத்தட், இரண்டு ஜோடி வளை அடைப்பு என்று தொடங்குகின்றன. அவை எதற்கு என்று புரிய உங்களுக்கு ஒரு மாதம் ஆகும். பைதானில் அது ஒரே வரி. முதல் நாளில் வட்டிக் கணக்கு, இரண்டாம் நாளில் வாய்ப்பாடு என்று ஏதோ ஒன்றை ஓட்டிப் பார்த்துவிடலாம். தனியாகப் படிப்பவரைப் பாதியில் விட்டுவிடாமல் இழுத்துச் செல்வது அந்தச் சிறு வெற்றிதான்.

சி கற்றால் கணினியின் நினைவகம் எப்படி இயங்குகிறது என்று தெரியும் என்பது உண்மை. அதை இரண்டாவது மொழியாக வைத்துக்கொள்ளுங்கள். இணையப் பக்கங்கள் செய்வதுதான் உங்கள் ஆசை என்றால் மட்டும் பதில் மாறும்: ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ் இரண்டையும் சில வாரம் பார்த்துவிட்டு ஜாவாஸ்கிரிப்டுக்குப் போங்கள். எதைத் தொட்டாலும் மூன்று மாதம் வேறு மொழிப் பக்கம் திரும்பாதீர்கள். மாறி (மதிப்பை வைத்திருக்கும் பெயர்), நிபந்தனை, லூப் (திரும்பத் திரும்பச் செய்தல்), ஃபங்ஷன் (பெயர் வைத்த கட்டளைத் தொகுதி) ஆகிய நான்கும் ஒரு மொழியில் கைவந்தால், அடுத்த மொழியில் எழுத்துமுறையை மட்டும்தான் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும்.

பழைய புத்தகக் கடையில் வாங்குவதாக இருந்தால் ஒன்றைப் பாருங்கள். பிரிண்ட் என்ற சொல்லுக்குப் பின் அடைப்புக்குறி இல்லையென்றால் அது பைதான் 2-க்கான புத்தகம். அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1-உடன் நின்றுவிட்டது. அதில் உள்ள நிரல்களில் பாதி இன்றைய பைதானில் ஓடாது.

கேள்வி: பைதானை நிறுவினேன். கமாண்ட் பிராம்ப்ட் என்ற கருப்புத் திரையில் பைதான் என்று தட்டினால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்கிறது. என் தம்பியின் கணினியில் "அப்படி ஒரு கட்டளை இல்லை" என்கிறது. இரண்டு முறை நீக்கி நிறுவியும் அதே கதை. – வாசகி, திருவாரூர்

பைதான் உங்கள் கணினியில் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்பதுதான் விண்டோஸுக்குத் தெரியவில்லை. நீங்கள் ஒரு கட்டளையைத் தட்டியதும் விண்டோஸ் வட்டு முழுவதையும் தேடாது. "பாத்" என்ற பட்டியலில் எழுதியுள்ள ஃபோல்டர்களில் மட்டும் தேடும். பைதான் இன்ஸ்டாலரின் முதல் திரையில், அடியில், பாத்-தில் சேர்க்கவா என்று ஒரு சிறு கட்டம் இருக்கிறது. பலரும் அதைக் கவனிக்காமல் நேரே இன்ஸ்டால் பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். மூன்றாம் முறை நீக்க வேண்டாம். அதே இன்ஸ்டாலரை மறுபடி திறந்து, மாடிஃபை என்பதைத் தேர்ந்து, அடுத்த திரைக்குப் போனால் என்விரான்மென்ட் வேரியபிள்ஸில் சேர்க்கும் கட்டம் வரும். அதில் டிக் போட்டு முடியுங்கள். பிறகு திறந்திருக்கும் கருப்புத் திரையை மூடிவிட்டுப் புதிதாகத் திறக்க வேண்டும். பழைய திரை பழைய பட்டியலையே வைத்திருக்கும். சரியாகச் செய்தும் ஓடவில்லை என்று பலர் சொல்வதற்கு இதுதான் காரணம்.

இவ்வளவும் தலைவலியாகத் தோன்றினால் தானி என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். எஸ்டோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் தொடக்கநிலை மாணவர்களுக்காக உருவானது. பைதான் அதற்குள்ளேயே வந்துவிடும், பாத் பற்றிய கவலை இல்லை. எந்த மாறியில் இப்போது என்ன மதிப்பு இருக்கிறது என்று பக்கத்திலேயே பட்டியலாகக் காட்டும். ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்தி ஓட்டியும் பார்க்கலாம். முதல் இரண்டு மாதத்துக்கு இதைவிட நல்ல கருவியை எங்களால் பரிந்துரைக்க முடியாது. நிரல் எழுத உதவும் விஎஸ் கோடும் நல்ல மென்பொருள்தான், ஆனால் அதில் உள்ள பொத்தான்களைக் கற்பதே தனிப் பாடமாகிவிடும்.

இன்னொரு பொறி. நோட்பேடில் எழுதிச் சேமித்தால் கோப்பின் பெயர் வெளிப்பார்வைக்குச் சரியாகத் தெரியும், உள்ளே கடைசியில் டிஎக்ஸ்டி என்ற வால் ஒட்டியிருக்கும். விண்டோஸ் அந்த வாலை மறைத்துக் காட்டுவதால் "கோப்பே இல்லை" என்ற செய்தி வந்து குழப்பும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்து வையுங்கள்.

வீட்டில் இருப்பது விண்டோஸ் 7 உள்ள பழைய மடிக்கணினி என்றால், அதில் ஓடும் கடைசிப் பதிப்பு பைதான் 3.8. கற்பதற்கு அது போதும். 3.9-ஐ இறக்கி ஏன் ஓடவில்லை என்று மல்லுக்கட்ட வேண்டாம்.

கேள்வி: மடிக்கணினி இல்லை, போன் மட்டும்தான். கற்க முடியுமா? – கல்லூரி மாணவி, தென்காசி

முதல் இரண்டு மாதப் பாடத்தைப் போனிலேயே முடிக்கலாம். ஆண்ட்ராய்டில் பைட்ராய்டு 3 என்ற செயலி இணையம் இல்லாமலும் பைதானை ஓட்டும். உலாவியிலேயே பைதானை ஓட்டும் கூகுள் கோலாப் தளத்தையும் திறக்கலாம். எழுதிய நோட்புக் (நிரல் பெட்டிகள் கொண்ட கோப்பு) உங்கள் கூகுள் டிரைவில் இருக்கும். ஆனால் கோலாபுக்குள் நேரடியாக ஏற்றிய கோப்புகள் இணைப்பு முடிந்ததும் அழிந்துவிடும்.

போனில் உண்மையான எதிரி கீபோர்டு. வரியின் முதல் எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கும், சொல்லைத் "திருத்தும்", இரண்டு முறை ஸ்பேஸ் தட்டினால் முற்றுப்புள்ளி வைக்கும். பைதானுக்குப் பெரிய எழுத்தில் தொடங்கும் பிரிண்ட் வேறு, சிறிய எழுத்துப் பிரிண்ட் வேறு. கீபோர்டு அமைப்பில் இந்த மூன்றையும் நிறுத்திவிடுங்கள். ஓடிஜி இணைப்பான் ஒன்று வாங்கிச் சாதாரண யுஎஸ்பி கீபோர்டைப் போனில் செருகினால் வேலை பாதியாகக் குறையும்.

கோலாபில் ஒரு விசேஷமான குழப்பம் உண்டு. பெட்டிகளை எந்த வரிசையிலும் ஓட்டலாம் என்பதால், நீங்கள் அழித்துவிட்ட வரியில் பிறந்த மாறிகூட நினைவில் உயிரோடு இருக்கும். நேற்று ஓடியது இன்று ஓடவில்லை என்றால் ரன்டைம் மெனுவில் ரீஸ்டார்ட் கொடுத்து மேலிருந்து வரிசையாக ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். இரண்டு பொருளின் விலையைக் கேட்டுக் கூட்டிச் சொல்லும் நிரல் எழுதினேன். 40, 30 என்று கொடுத்தால் 70 வராமல் 4030 வருகிறது. எங்கே தப்பு? – வாசகர், சங்கரன்கோவில்

கூட்டலில் தப்பில்லை ஐயா. இன்புட் கட்டளை எதை வாங்கினாலும் எழுத்துச் சரமாகவே வாங்கும். நீங்கள் தட்டிய 40 அதற்கு எண் அல்ல, 4 என்ற எழுத்தும் 0 என்ற எழுத்தும்தான். இரண்டு சரங்களுக்கு நடுவில் கூட்டல் குறி போட்டால் பைதான் ஒட்டிவிடும். அதுதான் 4030. வாங்கியதை இன்ட் என்ற ஃபங்ஷனுக்குள் கொடுத்து எண்ணாக மாற்றிவிட்டுக் கூட்டுங்கள், 70 வரும். மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், பைதான் 3 ஏற்றுக்கொள்ளும். இந்த மூன்று வரியை அப்படியே தட்டிப் பாருங்கள்:

விலை = 40
அளவு = 3
மொத்தம் = விலை * அளவு

கடைக் கணக்கு என்பதால் அடுத்து வரப்போகும் சிக்கல்களையும் இப்போதே சொல்லிவிடுகிறோம். 40.50 என்று தட்டினால் இன்ட் திணறி, வேல்யூ எரர் காட்டும். அது முழு எண்ணை மட்டுமே ஏற்கும். புள்ளி உள்ள எண்ணுக்கு ஃப்ளோட் உண்டு. ஆனால் பணத்துக்கு ஃப்ளோட் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. பைதானில் 0.1 + 0.2 என்று கொடுத்துப் பாருங்கள், 0.30000000000000004 என்று வரும். மூன்றில் ஒரு பங்கைப் பத்தின் கணக்கில் எழுதினால் 0.333 என்று முடிவில்லாமல் போவதுபோல, பத்தில் ஒரு பங்கு இரண்டின் கணக்கில் முடிவில்லாமல் போகும். கணினி ஓரிடத்தில் வெட்டித்தான் வைக்கிறது. ஒரு பில்லில் இது தெரியாது. மாதக் கணக்கை ஒப்பிடும்போது "இரண்டும் சமமா" என்ற சோதனை பொய் என்று வந்து நிற்கும்.

வழி எளிது: எல்லாவற்றையும் காசாக வையுங்கள். 40 ரூபாய் 50 காசு என்பது 4050. காட்டும்போது மட்டும் 4050 // 100 என்று கொடுத்தால் ரூபாய் 40, 4050 % 100 என்று கொடுத்தால் காசு 50. இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 4005 காசு என்றால் மிச்சம் 5 வரும். புள்ளி வைத்து ஒட்டினால் 40.5 என்று அச்சாகும், வாடிக்கையாளர் ஐம்பது காசு என்று படிப்பார். காசைச் சரமாக மாற்றி, ஸீஃபில் என்பதில் 2 என்று கொடுத்து இரண்டு இலக்கமாக்குங்கள், 05 ஆகிவிடும்.

முழு ரூபாயாக்க ரவுண்ட் பயன்படுத்துவீர்கள் என்றால், ரவுண்டில் 2.5 கொடுத்தால் 2 வரும், 3.5 கொடுத்தால் 4 வரும். சரிபாதியாக இருந்தால் பைதான் பக்கத்து இரட்டைப்படை எண்ணுக்குப் போகும். பள்ளியில் கற்ற வழக்கம் வேறு, அதனால் இங்கே பலர் ஏமாறுகிறார்கள்.

ஒரு மகிழ்ச்சியான செய்தியும் சொல்லிவிடுகிறோம்: இன்ட்டுக்குள் ௪௦ என்று தமிழ் எண்களைச் சரமாகக் கொடுத்தாலும் 40 என்றே புரிந்துகொள்ளும். பத்தைக் குறிக்கும் ௰ மட்டும் செல்லாது, அது இலக்கம் அல்ல, தனிக் குறி.

கேள்வி: நிரலை ஓட்டியதும் சிவப்பு எழுத்தில் பத்து வரி வருகிறது. பார்த்ததுமே மூடிவிடுகிறேன். எனக்கு இது வராது என்று தோன்றுகிறது. – வாசகி, நாமக்கல்

இந்த இதழில் எங்களுக்கு மிக முக்கியமான கேள்வி இதுதான். அந்தச் சிவப்பு எழுத்து திட்டவில்லை, தப்பு எங்கே இருக்கிறது என்று இடம் காட்டுகிறது. பல ஆண்டுகளாக இத்தொழிலில் இருப்பவர்களும் ஒரு நாளைக்குப் பத்து முறை அதைப் பார்க்கிறார்கள்.

கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள். கடைசி வரியில் பிழையின் வகையும் காரணமும் இருக்கும். அதற்கு மேலே, பிழை நடந்த வரியும் அதன் எண்ணும் இருக்கும். அதற்கும் மேலே உள்ளவை, நிரல் எந்த வழியாக அந்த வரிக்கு வந்தது என்ற தடம். சிறு நிரலில் கடைசி மூன்று வரி போதும். நீங்கள் எழுதாத கோப்பின் பெயர் அங்கே இருந்தால், மேலே ஏறி உங்கள் கோப்பின் பெயர் வரும் இடத்தில் நில்லுங்கள். தவறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

தொடக்கத்தில் திரும்பத் திரும்ப வருபவை ஐந்தாறு வகைதான். நேம் எரர் என்றால் அந்தப் பெயரில் எதுவும் இல்லை என்று பொருள். எழுத்துப் பிழையோ, பெரிய எழுத்தோ, சரத்துக்கு மேற்கோள்குறி போட மறந்ததோ காரணமாக இருக்கும். டைப் எரர் என்றால் வகை பொருந்தவில்லை: சரத்தையும் எண்ணையும் கூட்டினால் வரும். இன்டெக்ஸ் எரர் என்றால் பட்டியலில் இல்லாத இடத்தைக் கேட்டிருக்கிறீர்கள். ஐந்து பொருள் உள்ள பட்டியலில் இடங்கள் 0 முதல் 4 வரை, 5 கிடையாது. இன்டென்டேஷன் எரர் என்றால் உள்ளிடைவெளி தப்பு. இஃப், ஃபார் வரிகளின் முடிவில் முக்காற்புள்ளி போட்டு, அடுத்த வரியை 4 ஸ்பேஸ் தள்ளி எழுதுங்கள். ஓரிடத்தில் டேப், ஓரிடத்தில் ஸ்பேஸ் என்று கலந்தால் கண்ணுக்கு நேராகத் தெரிந்தாலும் பைதான் ஏற்காது.

சின்டாக்ஸ் எரர் மட்டும் கொஞ்சம் வஞ்சகம் உள்ளது. வரி 8 என்று சொல்லும், வரி 8 சுத்தமாக இருக்கும். வரி 7-ல் திறந்த அடைப்புக்குறியை மூடாமல் விட்டிருப்பீர்கள். மூடும் குறியைத் தேடிக்கொண்டே போய் 8-ல்தான் பைதான் திணறும். 3.10 பதிப்பிலிருந்து, திறந்த குறி மூடப்படவே இல்லை என்று நேராகவே சொல்லிவிடுகிறது. பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் சொன்ன வரிக்கு முந்தைய வரியையும் பார்க்கப் பழகுங்கள். இதே எரர் செல்லாத எழுத்து என்று சொன்னால், வாட்ஸ்அப்பிலோ வேர்டிலோ இருந்து ஒட்டிய வளைந்த மேற்கோள்குறிதான் காரணம். அதை அழித்துவிட்டு நீங்களே தட்டுங்கள். நிபந்தனையில் ஒற்றைச் சமக்குறி போட்டாலும் இதே எரர்தான். = என்றால் "வைத்துக்கொள்", == என்றால் "சமமா?".

ஒரு பிழை மட்டும் எந்தப் பாடத்திலும் இருக்காது, ஆனால் நிறையப் பேரை அழவைத்திருக்கிறது. ரேண்டம் என்ற நூலகத்தை (தயாராக எழுதி வைத்த நிரல் தொகுப்பு) கற்கும் நாளில் கோப்புக்கும் ரேண்டம் என்றே பெயர் வைத்துவிடுவார்கள். அப்போது பைதான் தன் நூலகத்தை விட்டுவிட்டு உங்கள் கோப்பையே இறக்கிக்கொண்டு, ரேண்டமில் அப்படி ஒன்று இல்லையே என்று ஆட்ரிபியூட் எரர் காட்டும். படம் வரையும் டர்ட்டில் நூலகத்துக்கும் இதே கதி. கோப்பின் பெயரை மாற்றினால் தீர்ந்தது.

எரரே வராமல் விடை மட்டும் தப்பாக வருவதுதான் கடினமானது. அப்போது சந்தேகப்படும் வரிக்கு முன்னால் மாறிகளைப் பிரிண்ட் செய்து பாருங்கள். நீங்கள் இருக்கும் என்று நம்பிய மதிப்பும் உண்மையில் இருக்கும் மதிப்பும் எந்த வரியில் பிரிகின்றனவோ, தப்பு அங்கே. நிரல் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் கண்ட்ரோல் விசையுடன் சி அழுத்துங்கள், நின்றுவிடும். வொய்ல் லூப்புக்குள் எண்ணைக் கூட்ட மறந்திருப்பீர்கள்.

கேள்வி: யூடியூபில் முழுப் பாடமும் பார்த்து முடித்தேன். பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. வெற்றுத் திரையைத் திறந்தால் ஒரு வரிகூட வரவில்லை. – வாசகர், மதுரவாயல்

நீச்சல் வீடியோ பார்த்தவர் கிணற்றில் இறங்கியது போலத்தான். இன்னொருவர் எழுதுவதைப் பின்தொடர்வது ஒரு திறமை, அடுத்து என்ன எழுத வேண்டும் என்று முடிவெடுப்பது வேறு திறமை. வீடியோ முதலாவதை மட்டுமே பழக்கும்.

இப்படிச் செய்யுங்கள். பத்து நிமிடம் பாருங்கள், மூடுங்கள், அதே நிரலைப் பார்க்காமல் எழுதுங்கள். முடியாத இடத்தில் மட்டும் மறுபடி திறந்து பாருங்கள். ஓடியதும் அதில் ஒன்றை மாற்றுங்கள்: 7-ம் வாய்ப்பாடு காட்டினால், கேட்கும் எண்ணின் வாய்ப்பாடாக ஆக்குங்கள். இங்கேயே முதல் பாடம் கிடைக்கும். ரேஞ்சில் 1, 10 என்று கொடுத்தால் 9-உடன் நின்றுவிடும். 10 வரை வேண்டுமானால் 11 கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு 45 நிமிடம், வாரம் ஐந்து நாள் போதும். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேரம் உட்கார்வதைவிட இதில்தான் கை பழகும்.

வடிவங்களுக்கு டர்ட்டிலை எடுங்கள், பைதானுடனேயே வருவது. 100 அடி முன்னே போ, 90 பாகை திரும்பு என்பதை நான்கு முறை செய்தால் சதுரம். முக்கோணத்துக்கு எல்லோரும் 60 கொடுப்பார்கள், உருவம் மூடாது. ஆமை திரும்புவது வெளிக்கோணம், எனவே 120. ஐந்து முறை 144 கொடுத்துப் பாருங்கள், நட்சத்திரம் வரும். அங்கிருந்து கோலத்துக்குப் போகலாம்.

நிபந்தனைக்கு மின்கட்டணத்தைவிட நல்ல பயிற்சி இல்லை. பயிற்சிக்காக முதல் 100 யூனிட் இலவசம், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய், அதற்கு மேல் 5 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 250 யூனிட்டுக்கு எவ்வளவு? முதலில் எழுதுபவர் பெரும்பாலும் 250-ஐ 5-ஆல் பெருக்கி 1250 என்று கொண்டுவருவார். ஒவ்வொரு படியிலும் அந்தப் படிக்குரிய யூனிட்டை மட்டும் பெருக்க வேண்டும்: 0, பிறகு 200, பிறகு 250, மொத்தம் 450. எழுதி முடித்ததும் நடு எண்களில் சோதிக்காதீர்கள், எல்லைகளில் சோதியுங்கள். 100-க்கு 0, 101-க்கு 2, 200-க்கு 200, 201-க்கு 205 வர வேண்டும். விட அதிகம், விட அதிகம் அல்லது சமம் என்ற இரண்டு குறிகளுக்கும் இடையில் செய்யும் குழப்பம் எல்லையில்தான் மாட்டும்.

இதைக் கையில் தாளோடு முதலில் போட்டுப் பாருங்கள். தாளில் போட வராத கணக்கை நிரலாக எழுத வராது.

கேள்வி: நான் தமிழ் மீடியம். ஆங்கிலம் சரளமாக வராது. இது தடையா? – பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், அரியலூர்

பைதானின் ஒதுக்கப்பட்ட சொற்கள் மொத்தம் 35 தான். அன்றாடம் பயன்படும் ஃபங்ஷன்கள் இன்னும் ஒரு இருபது. ஐம்பத்தைந்து சொல்லைக் கற்க ஆங்கிலப் புலமை வேண்டாம். உங்கள் கையில் இருக்கும் 12-ம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலே தமிழில் பைதானைச் சொல்லித்தருகிறது, அதிலேயே தரவுத்தளத்தைக் கையாளும் எஸ்க்யூலைட் வரை போகிறார்கள். ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுட்டோரியலில் தமிழ் ஒலியுடன் பாடங்கள் உண்டு. கட்டளைகளே தமிழில் உள்ள எழில் என்ற கட்டற்ற நிரல்மொழியும் இருக்கிறது, தம்பி தங்கைகளுக்குக் காட்டுங்கள்.

பிழைச் செய்திகளில் வரும் ஆங்கிலச் சொற்களை மட்டும் ஒரு நோட்டில் பொருளோடு எழுதி வாருங்கள். முப்பது சொல்லுக்குள் அடங்கிவிடும்.

கேள்வி: தமிழ்ச் சொற்களை வைத்து ஒரு விளையாட்டு எழுதுகிறேன். "தமிழ்" என்ற சொல்லின் நீளம் 5 என்கிறது பைதான். திருப்பிப்போட்டால் "ழி" என்று ஏதோ வருகிறது. பைதானுக்குத் தமிழ் தெரியாதா? – ஆசிரியை, மட்டக்களப்பு

நமக்கு த, மி, ழ் என்று மூன்று எழுத்து. எழுத்துகளுக்கு எண் தரும் பொது முறையான யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள். பைதான் குறியீடுகளைத்தான் எண்ணுகிறது. திருப்பினால் புள்ளி, ழ, இகரக் குறி, ம, த என்று வரிசை மாறும். ம-வுக்குப் பின்னால் இருந்த இகரக் குறி இப்போது ழ-வுக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொள்வதால்தான் அந்த "ழி".

தீர்வு, முதலில் எழுத்துகளாகப் பிரிப்பது. சரத்தின் ஒவ்வொரு குறியீடாக எடுங்கள். அது உயிர்மெய்க் குறியோ புள்ளியோ என்றால் முந்தைய எழுத்தோடு ஒட்டுங்கள், இல்லையென்றால் புது எழுத்தாகப் பட்டியலில் சேருங்கள். பத்து வரியில் முடியும், நல்ல பயிற்சியும்கூட. க்ஷ, ஸ்ரீ இரண்டையும் தனியாகக் கவனிக்க வேண்டும். தயாராக வேண்டுமென்றால் ஓப்பன்-தமிழ் என்ற நூலகத்தில் இதற்கான ஃபங்ஷன் உண்டு.

உங்கள் விளையாட்டில் அடுத்து வரப்போகும் தொல்லை ஒப்பீடு. "கோ" என்பதை ஒரே ஓகாரக் குறியாகவும் சேமிக்கலாம், இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், பைதானுக்கு இரண்டும் வேறு. சரியான விடை தட்டிய பிள்ளைக்குத் தவறு என்று காட்டிவிடும். யூனிகோடுடேட்டா நூலகத்தின் நார்மலைஸ் ஃபங்ஷனில் என்எஃப்சி என்று கொடுத்து, இரு பக்கத்தையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்த பிறகு ஒப்பிடுங்கள்.

அகரவரிசையும் நேராக வராது. யூனிகோடு அட்டவணையில் ன-வுக்குப் பிறகுதான் ப வருகிறது, ர-வை அடுத்து ற வருகிறது. அகராதியில் "அக்கா" முன்னே, "அகம்" பின்னே; பைதானின் வரிசைப்படுத்தும் கட்டளையான சார்ட் "அகம்" என்பதை முன்னே வைக்கும், புள்ளியின் குறியீட்டு எண் பெரியது என்பதால். எழுத்துகளின் சரியான வரிசையை நீங்களே ஒரு பட்டியலாக எழுதி, ஒவ்வொரு எழுத்துக்கும் அதில் உள்ள இட எண்ணைக் கொண்டு வரிசைப்படுத்துங்கள்.

சொற்பட்டியலைக் கோப்பிலிருந்து படிக்கும்போது விண்டோஸில் கிறுக்கல் எழுத்துகள் வந்தால், ஓப்பன் கட்டளையில் என்கோடிங் யுடிஎஃப்-8 என்று எழுதிவிடுங்கள். எழுதும்போதும் படிக்கும்போதும் இரண்டிலும் வேண்டும்.

கேள்வி: ஏஐ செயலியிடம் கேட்டால் முழு நிரலும் தந்துவிடுகிறது. பிறகு எதற்கு நான் எழுத வேண்டும்? – வாசகர், ஓசூர்

வந்த நிரல் சரியா என்று சொல்ல ஒருவர் வேண்டும். மேலே சொன்ன மின்கட்டண எல்லைத் தவற்றை அதுவும் செய்யும், இல்லாத ஃபங்ஷனை இருப்பதாகவும் எழுதும். கற்கும் காலத்தில் அதை விளக்கம் கேட்கப் பயன்படுத்துங்கள்: பிழைச் செய்தியை ஒட்டி, "காரணம் மட்டும் சொல், திருத்திய நிரல் வேண்டாம்" என்று கேளுங்கள். அதுவும் இருபது நிமிடம் நீங்களே முயன்ற பிறகு. தந்த நிரலை வாங்கிக்கொண்டால், அழித்துவிட்டுப் பார்க்காமல் மறுபடி எழுதிப் பாருங்கள். எழுத வராத வரி எதுவோ, அதுதான் நாளைய பாடம்.

கேள்வி: நேற்று நன்றாக ஓடிய நிரலை "இன்னும் நன்றாக்கலாம்" என்று மாற்றினேன். இப்போது ஓடவும் இல்லை, பழையதும் இல்லை. – வாசகி, காரைக்குடி

இன்றே செய்யக்கூடியது: மாற்றத் தொடங்கும் முன் கோப்பை நகலெடுத்து, பெயரின் முடிவில் தேதி போட்டு வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், உடனே ஓட்டிப் பார்ப்பது என்று பழகினால், உடைந்தது எந்த மாற்றத்தால் என்று தேட வேண்டியிருக்காது.

இரண்டாம் மாதத்தில், நிரலின் பழைய நிலைகளைச் சேமித்து வைக்கும் கிட் என்ற கருவியைக் கற்றுக்கொள்ளுங்கள். முழுவதும் வேண்டாம், நான்கு கட்டளை போதும். ஃபோல்டரில் ஒரு முறை கிட் இனிட். ஓடும் நிலை வந்ததும் கிட் ஆட், பிறகு என்ன செய்தீர்கள் என்ற ஒரு வரிக் குறிப்போடு கிட் கமிட். பழைய குறிப்புகளைப் பார்க்க கிட் லாக். இணைய இணைப்பே தேவையில்லை, எல்லாம் உங்கள் கணினியிலேயே நடக்கும்.

பிறகு நிரல்களை இணையத்தில் வைக்கும் கிட்ஹப் தளத்தில் ஏற்றினால் ஒன்றில் எச்சரிக்கை வேண்டும். மின்னஞ்சல் கடவுச்சொல்லையோ, இணையச் சேவையை நிரலிலிருந்து பயன்படுத்த உதவும் ஏபிஐ சாவியையோ நிரலுக்குள் எழுதி ஏற்றிவிட்டு, அடுத்த கமிட்டில் அந்த வரியை அழித்தால் போதும் என்று நினைக்கிறார்கள். கிட் பழைய கமிட்டுகளையும் வைத்திருப்பதால் அங்கே அது அப்படியே இருக்கும். ஏற்றிவிட்டீர்கள் என்று தெரிந்த உடனே கடவுச்சொல்லை மாற்றுங்கள், சாவியை ரத்து செய்து புதிது எடுங்கள். கோப்பைச் சுத்தம் செய்வது அதற்குப் பிறகு.